ஒன்பதாவது ஆள்

ரெக்சினுக்கு மூன்று நிலவு உள்ள விளையாட்டுதான் பிடிக்கும்.
அதில் எல்லோரும் பேசுகிறார்கள்.
கப்பல் தலைவி பேசுகிறாள்,
அவளைக் காட்டிக்கொடுத்த தம்பி பேசுகிறான்,
சாகக் கிடக்கும் எந்திரம்கூட
தன் பிறப்பில் தொடங்கி ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான்
அணைகிறது.
கதைன்னா இதுதாம்லே கதை என்பான்.
குளச்சல்காரன். பேச்சு நின்றால் அவனுக்கு மூச்சு முட்டும்.

எனக்கு மற்றது.
வேற்றுக்கோளில் கைவிட்ட நிலையம். ஆளே இல்லை.
கதவு திறந்தால் மேசை,
மேசையில் பாதி குடித்த கோப்பை,
நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.
யார் திருப்பியது என்று
கடைசிவரை எவரும் சொல்லப்போவதில்லை.
வரைந்தவன் அழகுக்கு மெனக்கெடவில்லை:
சாம்பல், துரு, அவசர விளக்கின் மஞ்சள்.
காலடி ஓசைக்குத்தான் காசைக் கொட்டியிருக்கிறான்.
இரும்புக் கிராதி மேல் நடந்தால்
அப்படியே ஜுபைல்.

அறையில் ஆறு கட்டில், ஒரு திரை.
பெட்டியைப் பாதி விலைக்கு விட்டுப்போனவன்
இப்போது திருவாரூரில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான்.
வெள்ளி காலை ரெக்சின் முறை.
ஜும்ஆ முடிந்து வந்தால் என் முறை.
அவன் நிலவுகளில் கடல் ஊதா நிறம்,
கோட்டையெல்லாம் கண்ணாடி.
நல்ல இடம்தான். எதிலும் அழுக்கு இல்லை.
யாரும் அங்கே வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை.

நான் பார்க்கும் வேலை
தொட்டியின் துளை வாசலில் உட்கார்ந்திருப்பது.
உள்ளே போகிறவன் பேர், நேரம்.
வெளியே வருகிறவன் பேர், நேரம்.
கழுத்தில் வாயுமானி அரை நிமிடத்துக்கு ஒருமுறை சிணுங்கும்.
உள்ளே ஐந்து பேர் என்றால்
ஐந்தும் வரும்வரை ஒன்றுக்குக்கூட எழுந்து போகக் கூடாது.

அந்த நிலையத்திலும் ஒரு பதிவேடு இருந்தது.
இரண்டாம் தளம், அலமாரிக்குப் பின்னால்.
உள்ளே ஒன்பது. வெளியே எட்டு.
பதினொரு வெள்ளிக்கிழமை தேடினேன்.
குளிர்பெட்டி, காற்றுக்குழாய், படுக்கையின் அடி.
ரெக்சின் சிரித்தான்: மக்கா, நீதாம்லே அந்த ஒன்பதாவது ஆளு.
அவன் விளையாட்டாக இருந்தால் அப்படித்தான் முடிந்திருக்கும்,
வயலினோடு.
ஆனால் நான் வந்தது உடைந்த கூரை வழியாக.
என் பேரை யாரும் எழுதவில்லை.

ஜூனில் ஆலை நிறுத்தப் பராமரிப்பு.
வானம் காவி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை,
எரிகோபுரம் மட்டும் எங்கோ தனியாக மிதந்தது.
ஆறு பேர் போனார்கள். ஐந்து பேர் வந்தார்கள்.
டேக் பகதூர் என்று கத்தினேன்.
தொட்டி என் குரலையே திருப்பிக் கொடுத்தது.
பதினான்கு நிமிடம்.
பின்னணி இசை கிடையாது.
வாயுமானியும் நானும்.

பின்பக்கத் துளை வழியாகத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான்.
அங்கே ஆள் போட மறந்துவிட்டார்கள்.
வந்து நின்று, என்ன பாய் என்றான்.
எச்சரிக்கைக் கடிதம் எனக்குத்தான் வந்தது.

அந்த வெள்ளி
நிலையத்துக்குள் போகவே இல்லை.
வெளிச்சுவரைத் தொட்டபடி சுற்றி நடந்தேன்.
மண்காற்றை நன்றாகத்தான் செய்திருந்தார்கள்,
கொஞ்சம் மென்மை, காவி போதாது.
பின்பக்கம் வட்டமாக ஒரு மூடி இருந்தது.
துரு ஏறி, உள்ளிருந்து திறந்து.
அதன் முன்னால் ஒரு நாற்காலி, காலியாக.

காலடித் தடம் எதுவும் வரையப்படவில்லை.
மறந்தார்களா, வேண்டுமென்றா, தெரியாது.
என் தொட்டியில் காற்று பன்னிரண்டு சதவீதம் என்றது திரை.
இருக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.

லே, நேரம் முடிஞ்சு, என்றான் ரெக்சின்,
கையை நீட்டி.